ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் பிள்ளையின் மனம் மாறுமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகன் என்று வளர்த்த பிள்ளை, வயது இருபதில் தன்னைப் பெண் என்கிறது. ஹார்மோன் குறைவா? ஊசி போட்டால் சரியாகுமா?”

மாறாது அம்மா. அந்த ஊசியைத் தேடி ஈரோட்டுக்கும் கோவைக்கும் அலைய வேண்டாம். திருநங்கைகளில் பெரும்பாலோருக்குச் சிகிச்சைக்கு முன் ஹார்மோன் அளவு வழக்கமானதாகவே இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றினால் தாடி அடர்த்தியாகும்; ‘நான் யார்’ என்ற உணர்வு மாறாது. வேதனைதான் கூடும்.

கருவில் பிறப்புறுப்பு முதல் சில மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. மூளையின் வளர்ச்சியோ அதற்குப் பின்னும் நெடுநாள் நீள்கிறது. காலம் வேறுபடுவதால் இரண்டும் வேறு திசையில் போகலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், ஆறு திருநங்கைகளின் மூளையில் ஒரு சிறு பகுதி பெண்களுடையதை ஒத்திருந்ததாக எழுதினார்கள். ஆறு பேர் மிகக் குறைவு. ஸ்கேனில் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்!

கருவில் இருக்கும் ஹார்மோன் மட்டுமே இந்த உணர்வைத் தீர்மானிக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே வரும் கோளாறு) உள்ள பெண் குழந்தைகளுக்குக் கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுதி. ஆனாலும் பெரும்பாலோர் பெண்ணாகவே உணர்கிறார்கள். மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம்.

உங்கள் வளர்ப்பு காரணம் என்பதற்குச் சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. ‘குணப்படுத்த’ முயல்வதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றமும் தடை செய்தது. வருகிற மாரியம்மன் நோம்பிக்கு அவளை வீட்டுக்கு அழையுங்கள்.