மாத்திரை இலவசம்தானே, அப்புறம் ஏன்? காசநோய் கேள்வி பதில்

அரசுக் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராகச் சேர்ந்து, சிகிச்சை மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அதனால் மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். சளி டப்பாவோடு வீடு வீடாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்): டிபி யாருக்கு வேண்டுமானாலும் வரும் என்கிறார்கள். எங்கள் தெருவில் வந்தவர்கள் எல்லோருமே கூலி வேலைக்குப் போகிறவர்கள். கிருமிக்கு ஆள் பார்க்கத் தெரியுமா அம்மா?

பதில்: தெரியாது தம்பி. ஜின்னாவுக்கும் வந்தது, கமலா நேருவுக்கும் வந்தது. கமலா நேரு 1936இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார். அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. காசு இருந்தால் மலைக்காற்றும் பாலும் ஓய்வும் வாங்கலாம், அவ்வளவுதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கி ஓய்வெடுக்கும் ஆஸ்பத்திரி, தொடங்கியதும் அந்த நம்பிக்கையில்தான். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. (அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் நோயாளியாக இருந்திருக்கிறார்.)

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். கிருமி உள்ளே போன பத்துப் பேரில் அதிகம் போனால் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயிறு காய்ந்த உடம்பு, சர்க்கரை நோய், எச்ஐவி, பீடி, குடி, கல் உடைக்கும் தூசி, ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுப்பது, இவையெல்லாம் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்தப் பட்டியலில் சர்க்கரையைத் தவிர மற்றவை எந்தத் தெருவில் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், சென்னை): பரிசோதனை இலவசம், ஆறு மாத மருந்து இலவசம், மேலே பணமும் தருகிறார்கள். இதற்கு மேலும் சிகிச்சையை முடிக்காவிட்டால் அது அவர்கள் தப்புதானே?

பதில்: ஒரு கணக்குப் போடுவோம். தினக்கூலி 600 ரூபாய் வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமல் வந்ததும் அவர் அரசு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வந்தால் அரை நாள் கூலி போகும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டானிக், அப்புறம் தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி, அப்புறம் வேறொரு டாக்டர், எக்ஸ்ரே. சளிப் பரிசோதனைக்கு எங்களிடம் வரும்போது கையில் இருந்தது போய், கம்மலும் அடகுக் கடைக்குப் போயிருக்கும். முதல் இரண்டு மாதம் மூட்டை தூக்க முடியாது. 50 நாள் வேலை போனால் 30,000 ரூபாய். நிக்‌ஷய் போஷண் திட்டத்தில், அதாவது டிபி நோயாளியின் சாப்பாட்டுக்கு அரசு தரும் பணம், மாதம் 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பரில் 1,000 ஆனது. ஆறு மாதத்துக்கும் சேர்த்து 6,000. அதுவும் வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் ஒழுங்காக இருந்து, நேரத்துக்கு வந்தால்.

நோய்க்காக ஆகும் செலவும் போன வருமானமும் சேர்ந்து குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பேரிழப்பு என்று கணக்கில் எடுக்கிறது. உலகம் முழுக்க டிபி வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. இத்தனைக்கும் மருந்து இலவசம்.

மூன்றாம் மாதம் இருமல் நிற்கும், கொஞ்சம் தெம்பு வரும். அவர் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். மாத்திரை வாங்க வரமாட்டார். உங்களுக்கு இதே நோய் வந்திருந்தால் மெடிக்கல் லீவு போட்டிருப்பீர்கள், வீட்டிலிருந்து வேலை பார்த்திருப்பீர்கள், பக்கத்து மேசைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவருக்குத் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தப்பு செய்ய உங்களுக்கு இருக்கிற இடம் அவருக்கு இல்லை.

கேள்வி (மருத்துவ மாணவி, மதுரை): சாப்பாடு முக்கியம் என்று எப்போதும் சொல்கிறீர்கள் அக்கா. ஆனால் 1950களில் நடந்த மெட்ராஸ் ஆய்வு, சத்தான சாப்பாடும் ஓய்வும் இல்லாமலே குணமாகும் என்று காட்டியதாகப் படித்தோம். எது சரி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் ஆரம்பித்த மையம் நடத்தியது அது, இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்தில் கட்டில், பால், முட்டை, ஓய்வு என்று இருந்தது. இன்னொரு பகுதி அவரவர் குடிசையில். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. கட்டில் கிடைக்காமல் வரிசையில் நின்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை வேறெந்த ஆய்வும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அது கேட்ட கேள்வி "சானடோரியம் வேண்டுமா" என்பது. "பட்டினி கிடக்கலாமா" என்பதல்ல. வீட்டில் இருந்தவர்களுக்கு மருந்து மட்டும் போகவில்லை. ஆட்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அப்படி ஒரு கவனிப்பு சாதாரண நோயாளிக்கு எப்போது கிடைத்தது? சானடோரியத்தில் இருந்தவர்கள் அதிக எடை ஏறினார்கள் என்பதையும் அந்த ஆய்வே எழுதி வைத்திருக்கிறது.

சாப்பாட்டுக் கேள்வியை நேராகக் கேட்டது ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ரேஷன்ஸ் ஆய்வு. 2,800 நோயாளிகள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாகும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் வெறும் 2 கிலோ! ஒரு பகுதி வீடுகளில் நோயாளியோடு இருப்பவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. பருப்புக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்று சர்வீஸில் சேர்ந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதை ஒட்டியதுதான். நோய் தெரிந்ததுமே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை அப்போதே படுக்கையில் சேர்ப்பது. சாவு பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். அதனால் இந்த வேகம் முக்கியம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): சும்மா வர்க்கம், வறுமை என்று பூசி மெழுகாதீர்கள். என் அண்ணன் குடியால்தான் மாத்திரையை விட்டான். செத்தும் போனான்.

பதில்: மனசு கஷ்டமாக இருக்கிறது. குடி பெரிய காரணம், அதை மறைக்க மாட்டேன். குடித்துவிட்டு மாத்திரை போட்டால் கல்லீரலும் தாங்காது. நான் இழந்த நோயாளிகளில் உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் நிறைய. ஆனால் குடிக்கிற பணக்கார நோயாளிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் போதை மீட்பு மையத்தில் சேர்க்க வீட்டில் கார் இருந்தது, பக்கத்தில் உட்கார ஆள் இருந்தது. உங்கள் அண்ணனைக் குடிநோய்க்கும் அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு எங்களைப் போன்றவர்கள் நினைக்காமல் போயிருந்தால், அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

கேள்வி (பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்): எனக்கு டிபி உறுதியாகிவிட்டது. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். ஏதாவது கிடைக்குமா அக்கா? கூட வேலை செய்யும் ஒடிசா பையனுக்கும் இருக்கிறது, ஊருக்குப் போகப் போகிறான்.

பதில்: கட்டாயம் கேளுங்கள். சாதாரண நோய்க்கு இஎஸ்ஐ சம்பளத்தில் 70 சதவீதத்தை வருடத்துக்கு 91 நாள் வரை தரும். டிபி நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, அதில் 156 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரைகூடக் கிடைக்க வழி உண்டு. இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் நடக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு நிறுத்தி மறுபடி சேர்க்கிற கம்பெனிகளில் அந்த இரண்டு வருடம் எப்படிச் சேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த ஒடிசா தம்பியிடம் அவனுடைய நிக்‌ஷய் எண்ணை, அதாவது சிகிச்சைக்குப் பதிவு செய்யும்போது தரும் எண்ணை, குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தியாவில் எங்கே போனாலும் அந்த எண்ணுக்கு மருந்து தொடரும். வழியில் சாப்பிடும் நாட்களுக்கு மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு ரயிலேறட்டும்.

கேள்வி (ஆசிரியர், நாகர்கோவில்): இது டிபிக்கு மட்டும்தானா? சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர்களிடையேயும் வர்க்கம் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். லண்டனில் 1967இல் ஏறக்குறைய 18,000 அரசு ஊழியர்களை வைத்து வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. எல்லோரும் ஆபீஸ் வேலை, யாரும் பட்டினி இல்லை, வைத்தியம் அந்த நாட்டில் 1948 முதல் இலவசம். அப்படியும் கீழ்ப்படியில் இருந்த ஆபீஸ் பையன், வாசல் காவலர் போன்றவர்களின் இறப்பு விகிதம் மேலதிகாரிகளைப்போல் மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தும் வித்தியாசம் மீதி நின்றது. மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் ஆயுள் கூடியது. எங்கள் ஆபீஸில் பியூனும் டாக்டரும் ஒரே பிபி மாத்திரை சாப்பிட்டதை நினைத்துக்கொள்வேன்.

கேள்வி (இல்லத்தரசி, வேலூர்): மகளுக்குச் சிகிச்சை நடக்கிறது. 900 ரூபாய் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். அப்புறம், இது தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?

பதில்: பவுடர் வேண்டாம்மா. அந்தக் காசுக்கு முட்டை, வேர்க்கடலை, சுண்டல், பருப்பு வாங்குங்கள், வீடே சாப்பிடலாம். மகள் கடைசியாகச் சாப்பிடுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் இந்த ஆறு மாதமாவது மாற்றுங்கள். கல்யாணத்துக்கு: முழுதாகக் குணமாகும் நோய் இது. யாரிடம் சொல்வது என்பது அவள் முடிவு. மறைப்பதற்காக மாத்திரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதைத்தான் நிறையப் பெண்கள் செய்கிறார்கள்.

கேள்வி (டீக்கடைக்காரர், ஆரணி): தினமும் காலையில் டீ குடிக்க வரும் ஒருவருக்கு டிபி என்று கேள்விப்பட்டேன். கிளாஸைத் தனியாக வைக்கவா?

பதில்: வேண்டாம் அண்ணே. கிளாஸில் ஒட்டாது, இருமலில் காற்று வழியாகத்தான் பரவும். மருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் இரண்டு மூன்று வாரத்தில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை கர்சீப்பால் வாயை மூடி இருமச் சொல்லுங்கள், வெளிப் பெஞ்சில் உட்காரட்டும். விடிகாலையில் மாத்திரை போட்டு, வெறும் வயிற்றில் டீ குடித்து, வேலைக்குப் போய் வாந்தி எடுத்து, அதனாலேயே மாத்திரையை விட்டவர்கள் எனக்குத் தெரியும். டீயோடு நாலு இட்லியைக் கடனாகக் கொடுங்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.