வாரம் 20 பவுண்டு: இங்கிலாந்துக் கால்பந்தாட்டக்காரர்களின் உரிமைப் போராட்டம்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்கள் நிரம்பி வழிந்தன என்று படித்தேன். ஆட்டக்காரர்களும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்கள் அல்லவா?

பதில்: கூட்டம் வந்தது உண்மை. 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர் தொகை 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. பங்கீட்டு அட்டை இன்னும் புழங்கிய அந்நாளில், ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டமே பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்த வசூலுக்கு ஏற்ற பங்கு ஆடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று விதிக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பு 1947இல் 12 பவுண்டாகவும் 1958இல் 20 பவுண்டாகவும் உயர்ந்தது. ஆட்டமில்லாத கோடையில் அதிலும் குறைவு. நாட்டுக்காக ஆடிய டாம் ஃபின்னி, குழாய் வேலையையும் விடாமல் செய்துவந்தார்.

கேள்வி: சம்பளம் பிடிக்காவிட்டால் வேறு கிளப்புக்குப் போயிருக்கலாமே?

பதில்: போக முடியாது என்பதுதான் இதில் மிகக் கொடியது. உச்சவரம்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய அநீதி, ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் 'தக்கவைப்பு' முறை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், தக்கவைப்போர் பட்டியலில் ஒருவர் பெயரைக் கிளப் சேர்த்துவிட்டால், அவர் லீக்கின் வேறெந்த அணிக்கும் ஆட முடியாது. கிளப் முன்வைத்த ஊதியத்தை அவர் ஏற்க மறுத்தால், சம்பளமும் இல்லை, விடுதலையும் இல்லை.

கேள்வி: வெளிநாடு?

பதில்: 1952இல் இத்தாலியின் பலெர்மோ ஃபின்னிக்குப் பெருந்தொகை தர முன்வந்தது, அவருடைய பிரஸ்டன் கிளப் விடவில்லை. 1950இல் கொலம்பியாவுக்குச் சென்ற நீல் ஃபிராங்க்ளின் திரும்பிவந்ததும் தடைசெய்யப்பட்டார்; இங்கிலாந்து அணியில் அவர் பிறகு ஆடவேயில்லை.

கேள்வி: உச்சவரம்பு எப்படி ஒழிந்தது? கிளப் முதலாளிகள் மனமிரங்கினார்களா?

பதில்: இல்லை. ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடிப் பெற்றது அது. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில், செயலாளர் கிளிஃப் லாய்டு ஆகிய இருவரும் ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி ஆதரவு திரட்டினர். மான்செஸ்டர் கூட்டத்தில் இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, சுரங்கத்தில் பாடுபடும் தன் தந்தையைவிடத் தான் அதிகம் வாங்குவதால் வேலைநிறுத்தம் நியாயமாகாது என்றார். தாமும் சுரங்கத்தில் உழைத்தவரான போல்டன் தற்காப்பாளர் டாமி பேங்க்ஸ் அதற்கு மறுமொழி சொன்னார்: அந்தத் தந்தையின் வேலையைத் தம்மால் செய்ய முடியும், ஆனால் பல்லாயிரம் பேர் பார்த்திருக்க, பந்தைக் கடத்திச் செல்வதில் பெயர்பெற்ற ஸ்டான்லி மேத்யூஸைத் தடுத்து நிறுத்த அந்தத் தந்தையால் முடியுமா என்பதே அதன் சாரம். மைதானத்துத் திறமைக்கும் உழைப்பின் மதிப்பு உண்டு என்பதை இவ்வளவு எளிமையாக எவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. 1961 ஜனவரி 21 அன்று வேலைநிறுத்தம் என அறிவித்திருந்த நிலையில், அதற்குச் சில நாட்கள் முன்பு லீக் பணிந்தது. அதே ஆண்டு ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு பெறத் தொடங்கினார்.

கேள்வி: தக்கவைப்பு முறையும் அத்துடன் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. அதை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் நியூகாசில் கிளப்பின் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1960இல் நியூகாசில் அவரை விடுவிக்க மறுத்தபோது, ஆடுவதை நிறுத்திவிட்டு, தெற்கே போய்த் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். சில மாதங்களில் கிளப் இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு அனுப்பியது. தன் காரியம் முடிந்துவிட்டதென்று அவர் ஒதுங்கியிருக்கலாம். மற்றவர்களுக்காகச் சங்கத்தின் துணையுடன் வழக்கை நடத்தினார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இந்தத் தக்கவைப்பு ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகிறது எனத் தீர்ப்பளித்தார். ஆட்டக்காரரைப் பெறும் கிளப் அவருடைய பழைய கிளப்புக்குத் தரும் மாற்றல் கட்டணம் மட்டும் நிலைத்தது. ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்றொரு நாட்டுக் கிளப்புக்கு மாற ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டு போஸ்மன் தீர்ப்பு வரவேண்டியிருந்தது.