377: ஷரியா அல்ல

அன்புள்ள ஐயா,

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்கு 27 வயது. தனக்கு ஆண்களிடம்தான் ஈர்ப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டான். அக்கா பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். மலேசியாவில் இதைக் குற்றமாக்குவது ஷரியா சட்டம்தானே? நாங்கள் இந்துக்கள். அவனுக்கு ஆபத்தில்லை என்று நம்பலாமா? முஸ்லிம் நாடுகளே இப்படித்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

பெற்றவளிடம் சொல்ல முடியாததை அவன் தாய்மாமனிடம் சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள்.

‘முஸ்லிம் நாடுகளே இப்படித்தானா’ என்பதற்கு நேரம் செலவழிக்கப் போவதில்லை. 1858 ஓட்டோமான் தண்டனைச் சட்டத்திலேயே இது குற்றமில்லை. துருக்கியில் இன்றும் இல்லை. போதும்.

ஆனால் அந்த ‘ஷரியாதானே’ இருக்கிறதே, அதை விட முடியாது. படித்த ஆட்கள்கூட இதையே சொல்கிறார்கள். சட்டப்புத்தகத்தைத் திறந்து பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் மதம் பார்ப்பதில்லை. 20 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. இருவரும் மனமொப்பி உறவு கொண்டாலும் குற்றம்தான். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிமை 2015இல் ஐந்தாண்டு சிறைக்கு அனுப்பியது இதே 377பி. இது அரசியல் வழக்கு என்று சொல்லி, அவர் குற்றத்தைக் கடைசிவரை மறுத்தார். இது எந்த மத நூலிலிருந்தும் வந்ததல்ல. மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை வெள்ளைக்காரன் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) கொண்டுபோனான். 377 என்ற எண்ணைக்கூட மாற்றவில்லை.

ஷரியா நீதிமன்றத்தின் கைக்கு அளவு உண்டு. 1965ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டப்படி அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட், 6 பிரம்படி. அதுவும் முஸ்லிம்களுக்கு மட்டும். 2018 செப்டம்பர் 3 அன்று திரங்கானுவில் இரு பெண்களுக்கு விழுந்தது அந்த ஆறு பிரம்படி. மூன்றே நாள் கழித்து, மனமொப்பிய வயது வந்தோரை 377இலிருந்து விடுவித்தது இந்திய உச்ச நீதிமன்றம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே உறவைத் தண்டித்த சிலாங்கூர் மாநில ஷரியா சட்டத்தின் 28ஆம் பிரிவை 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. மனித உரிமையால் அல்ல. தண்டனைச் சட்டம் ஏற்கெனவே குற்றமாக்கிவிட்ட ஒன்றுக்கு மாநிலம் தனிச் சட்டம் போடமுடியாது என்பதே காரணம். ஷரியா பிரிவு விழுந்தது; வெள்ளைக்காரன் பிரிவு நின்றது. வழக்குப் போடும் வழி தவறினாலும் வம்புதான். நெகிரி செம்பிலானில் பெண் உடை அணிந்ததற்காகப் பிடிபட்ட முஸ்லிம் திருநங்கைகள் 2014இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். மாநிலத்தின் சட்டமியற்றும் அதிகாரத்தையே கேள்வி கேட்க, அரசியலமைப்பின் 4(4) பிரிவுப்படி முதலில் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியிடம் அனுமதி வாங்கவில்லை என்று 2015இல் அந்த வெற்றி பறிபோனது. அந்த 28ஆம் பிரிவை எதிர்த்த சிலாங்கூர்க்காரரோ அனுமதி வாங்கிப் போனார், வென்றார்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். ஆபத்து உண்டு. கைதானால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். வாக்குமூலம் வாங்குமுன் வழக்கறிஞரையும் வீட்டாரையும் தொடர்புகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விகளுக்கு அவன் பதில் சொல்லத் தேவையில்லை. இதை அவனிடம் சொல்லிவையுங்கள்.

பெண் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து மருந்தாகக் கொடுப்பீர்களா? அக்காவிடம் பேசவேண்டியவர் நீங்கள்தான். அவன் சொன்னதை, அவன் சம்மதமில்லாமல், அவரிடமும் சொல்லவேண்டாம்.