அயாஹுவாஸ்கா குடித்தவர்களின் வியர்வைப் பேட்ச்சில் (தோலில் ஒட்டி வியர்வையைச் சேகரிக்கும் பட்டை) கொடியின் ஆல்கலாய்டு (செடியில் இருக்கும் வேதிப்பொருள்) மட்டும் வருகிறது, மாயக் காட்சிகளைத் தரும் டி.எம்.டி ஏன் வரவில்லை?

அந்த ஒரு ரிசல்ட்டை வைத்து "இவர்கள் டி.எம்.டி குடிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். அயாஹுவாஸ்கா இரண்டு செடிகளின் கஷாயம். உங்களுக்குக் கிடைத்த டெட்ராஹைட்ரோஹார்மின் கொடியிலிருந்து வருவது, டி.எம்.டி சக்ருனா இலையிலிருந்து. ஒன்று சிக்கி மற்றது நழுவுவது சகஜம்தான்.

நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்தியது ஒரே வரி: பிரேசிலில் சான்டோ டைமே (அயாஹுவாஸ்காவைப் புனித பானமாகக் குடிக்கும் மதக் குழு) சடங்கு முடிந்து, மறுநாள் காலையில்தான் பேட்ச் ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டிய பிறகு வரும் வியர்வையைத்தான் அது பிடிக்கும். ராத்திரி வழிந்தது வழிந்ததுதான். டி.எம்.டி சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். டெட்ராஹைட்ரோஹார்மின் அதைவிட நிதானமாக வெளியேறும். அடுத்த முறை குடிப்பதற்கு முன்பே ஒட்டுங்கள்.

அதுவரை இரண்டு விஷயம் பாருங்கள்:

1. மீதிக் கஷாயம் இருந்தால் ஒரு துளியை நீர்த்து அதே எல்சி-எம்எஸ்ஸில் (கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) ஓட்டுங்கள். இலை போடாத கஷாயமாகவும் இருக்கலாம்.

2. புதுப் பேட்ச்சில் தெரிந்த அளவு டி.எம்.டி சொட்டுவிட்டு, காயவைத்து, வழக்கம்போல் பிரித்தெடுங்கள். போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை என்றால் கோளாறு உங்கள் மேசையில்தான்.

அப்புறம், இந்தச் சடங்கில் வாந்தி சாதாரணம். தோலில் தெறித்த கஷாயம் பேட்ச்சுக்கு அடியில் மாட்டினால் அதுவும் பாசிட்டிவ் காட்டும், அதனால் ஒட்டுமுன் ஆல்கஹாலால் நன்றாகத் துடையுங்கள். பேட்ச்சில் வரும் நானோகிராமை வைத்து எவ்வளவு குடித்தார் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். வியர்ப்பது ஆளுக்கு ஆள் மாறும்.