பீட்டைக் கேட்டு வாசிக்கும் டிரம்பெட்

கேள்வி: ஹிப் ஹாப்பும் ஜாஸும் கலந்த ஜப்பானிய ஆல்பம் ஒன்றே ஒன்று கேட்பதென்றால் எதைச் சொல்வீர்கள்? அதில் ராப் இல்லாவிட்டாலும் ஹிப் ஹாப் என்று சொல்லலாமா?

பதில்: இசைத்தட்டுகளைச் சுழற்றி பீட் அமைக்கும் டிஜே கிரஷ்ஷும் டிரம்பெட் கலைஞர் தோஷினோரி கோண்டோவும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட 'கி-ஓகு'. ஜப்பானிய மொழியில் நினைவு என்று அர்த்தம்.

ஹிப் ஹாப்பில் ஜாஸ் பெரும்பாலும் எப்படி வரும் என்றால், பழைய இசைத்தட்டிலிருந்து டிரம்பெட்டையோ பியானோவையோ ஒரு துண்டு வெட்டி எடுத்து, பீட்டோடு திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். அருமையான பாட்டுகள் அப்படி வந்திருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டிரம்பெட்டுக்கு இந்த பீட் காதில் விழாது, அது எப்போதோ வாசித்து முடிந்தது. இங்கே கோண்டோ பீட்டைக் கேட்டுத்தான் வாசிக்கிறார். கிரஷ் மெதுவான, கனமான தாளத்தைப் போட்டுவிட்டு நிறைய இடம் விடுகிறார், இவர் அவசரமே படாமல் உள்ளே வந்து ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து, எலக்ட்ரானிக் எஃபெக்ட் வழியாக அதை எதிரொலியாகக் கரையவிட்டு, அப்புறம் சும்மா இருக்கிறார். அந்த சும்மா இருக்கும் நேரம்தான் எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது.

இருவரும் எதிரெதிர் திசையிலிருந்து வந்தவர்கள். 1948-இல் பிறந்த கோண்டோ, நிலையான தாளக் கட்டுக்குள் நிற்காத ஃப்ரீ ஜாஸில் ஊறியவர். கிரஷ் 1962-இல் பிறந்தவர், 1983-இல் டோக்கியோவில் 'வைல்ட் ஸ்டைல்' என்ற ஹிப் ஹாப் படத்தைப் பார்த்து டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) பக்கம் வந்தவர், தாளம்தான் அவருக்கு எல்லாமே. கோண்டோ 2020 அக்டோபரில் காலமானார்.

ராப் விஷயம்: 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜேக்கள் இரண்டு இசைத்தட்டுகளை வைத்து டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தை நீட்டி நீட்டி ஓட்டியதில்தான் ஹிப் ஹாப் தொடங்கியது, ராப் அதன்மேல் வந்து சேர்ந்தது. அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

பாப் மார்லியின் 'சன் இஸ் ஷைனிங்' பாட்டை இவர்கள் வாசித்திருப்பதிலிருந்து தொடங்குங்கள். மெட்டு முன்பே தெரிந்திருந்தால் டிரம்பெட் எங்கே விலகிப் போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று சுலபமாகப் பிடிபடும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாஸ் எனப்படும் கனமான தாழ்ந்த ஒலி முழுக்கக் காணாமல் போய்விடும்.