அடைப்புக்குறிக்குள் ஒரு தவறு – கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர்,

அமெரிக்காவில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு, அதாவது படிப்புக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு, 11 நேர்காணல்கள் முடிந்தன. யாருக்கும் நன்றி மின்னஞ்சல் அனுப்பவில்லை. இப்போது அனுப்பினால் தப்பாகுமா? ஸ்டெப் 2 உரிமத் தேர்வில் மதிப்பெண் சுமார்தான், விளக்கி எழுதவா? (பிடித்த இடம் எப்படியும் கிடைக்காது. ‘நீங்கள் எங்களுக்குப் பொருத்தமானவர்’ என்று எழுதிய புரோகிராமை என் விருப்ப வரிசையான ரேங்க் லிஸ்டில் முதலில் போடப்போகிறேன்.)

வி.

அன்புள்ள வி,

மதிப்பெண்ணை விடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தானே கூப்பிட்டார்கள். 11 நேர்காணல் சின்ன விஷயமில்லை, அம்மா. ஆனால் அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே! பிப்ரவரி வந்தால் இதே பேச்சு. நான்கு ஆண்டு நோய்க்குறியியலை உருப்போட்டவர், இரு தரப்பு விருப்பப் பட்டியல்களையும் கணினி பொருத்திப் பார்க்கும் மேட்ச் எப்படி ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் படிக்கக் கூடாதா?

கணினி உங்கள் பட்டியலில் முதலில் உள்ள புரோகிராமில் தொடங்கும். அங்கே 12 இடம் என்று வையுங்கள். அவர்கள் பட்டியலில் நீங்கள் இருந்து, இடமும் காலியென்றால் தற்காலிகமாக உட்காரவைக்கும். நிரம்பியிருந்தால், உட்கார்ந்திருப்பவர்களில் கடைசி ஆளைவிட உங்களை மேலே வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும். ஆமென்றால் அவர் எழுந்து தம் அடுத்த தேர்வுக்குப் போவார். இல்லையென்றால் நீங்கள் உங்கள் இரண்டாவது புரோகிராமுக்குப் போவீர்கள். அங்கும் இதே கணக்குதான். பிந்தி வந்தவர் என்று யாரும் தள்ளிவைக்க முடியாது. நீங்கள் அவர்களை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது கணக்கிலேயே இல்லை.

ஆக, எட்டாத இடத்தை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால் நட்டம் ஒன்றுமில்லை. மின்னஞ்சல்காரர்களை முதலில் போட்டு அங்கே உட்கார்ந்துவிட்டால், பிடித்த இடத்தைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. அவர்கள் உங்களை எடுத்திருப்பார்களோ என்னவோ, தெரியாமலே போகும். விண்ணப்பிப்பவர் பக்கமிருந்து தொடங்கும் இந்த முறை 1998 முதல் நடக்கிறது. வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். அவரை ஏமாற்றவா பார்க்கிறீர்கள்?

அந்த மின்னஞ்சல் யாரையும் கட்டுப்படுத்தாது. அதே வரி எத்தனை பேருக்குப் போனதோ. மேட்ச் முடிவு அப்படியல்ல, கட்டுப்படுத்தும். போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மற்றவை அத்தனையும் இருக்கட்டும். பட்டியலை இதுதான் இறுதி என்று உறுதிப்படுத்திச் சர்டிஃபை செய்யாவிட்டால் இவ்வளவும் வீண். அதற்கான கெடுவின் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

நன்றி மின்னஞ்சலா? வேண்டாமென்று சொன்னவர்களை விட்டு மற்றவர்களுக்கு நாலு வரி அனுப்புங்கள்.