நட்கர்னி பந்துவீசிய மைதானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இந்தியப் பந்துவீச்சாளர் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள் (ரன்னே கொடுக்காத ஓவர்கள்) வீசிய ஆட்டத்தை நேரில் பார்த்ததாக என் தந்தை அடிக்கடி சொல்வார். எங்கே என்று கேட்டால் நேரு ஸ்டேடியம் என்பார். எனக்குத் தெரிந்து அது கால்பந்து நடக்கும் இடம். வயதாகிவிட்டதால் சேப்பாக்கத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உண்மையிலேயே அங்கே டெஸ்ட் போட்டிகள் நடந்தனவா? நடந்திருந்தால் அந்த இடத்தைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை?

க. மு.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தை சொல்வதே சரி. 1956 ஜனவரி முதல் 1965 மார்ச் வரை சென்னையில் நடந்த ஒன்பது டெஸ்ட் போட்டிகளும் பெரியமேட்டில், சென்ட்ரல் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பின்புறம் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் நடந்தன. அந்த ஸ்டேடியத்துக்கே பின்னாளில் நேருவின் பெயர் வந்தது. அதற்கு முன்பே, 1934இல், சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்திருக்கிறது; இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் 1952இல் அங்கேதான். ஆனால் சேப்பாக்கத்தில் அப்போது நிலையான காலரிகள் கிடையாது. பெரிய ஆட்டம் வரும்போதெல்லாம் தற்காலிகமாகக் கட்டி, முடிந்ததும் பிரிக்க வேண்டும். மாநகராட்சியின் ஸ்டேடியத்துக்கு ஆட்டங்கள் போனதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

அங்கே நடந்த முதல் டெஸ்டிலேயே, நியூசிலாந்துக்கு எதிராக, வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் நாள் முழுவதும் ஆட்டமிழக்காமல் நின்றார்கள். மறுநாள் பிரிவதற்குள் 413 ரன் சேர்த்துவிட்டார்கள். தொடக்க ஜோடிக்கான உலகச் சாதனையாக அது 52 ஆண்டுகள் நின்றது. 2008இல் சட்டோகிராமில் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் இரண்டே ரன் கூடுதலாக எடுத்து அதைக் கடந்தார்கள். 2006இல் லாகூரில் சேவாக்கும் திராவிடும் 410இல் நின்றுவிட்டதால், எந்த விக்கெட்டுக்கும் இந்திய ஜோடி ஒன்று சேர்த்த அதிகபட்ச ரன் இன்றுவரை அந்த 413தான்.

நட்கர்னி விஷயத்துக்கு வருகிறேன். 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் அது. அவருடைய மொத்தக் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. இதை நான்கு ஸ்பெல்களாக, அதாவது ஒரே மூச்சில் அவர் வீசிய ஓவர்களின் தொகுப்புகளாக, பிரித்துப் பார்த்தால்தான் முழு உருவம் தெரியும்: முதலில் 3 ஓவர், மூன்றும் மெய்டன், அடுத்து 7 ஓவரில் 2 ரன், அதன் பிறகு 19 ஓவர், அதில் 18 மெய்டன், ஒரே ஒரு ரன், கடைசியாக 3 ஓவரில் 2 ரன். இடையில் 131 பந்துகளுக்கு ஒரு ரன்கூட இல்லை. தொடர்ந்து 21 மெய்டன் என்பது இன்றும் முறியாத சாதனை. பந்துக் கணக்கில் பார்த்தால் தென்னாப்பிரிக்காவின் டேஃபீல்டு 1957இல் 137 பந்துகளுக்கு ரன் கொடுக்கவில்லை. ஆனால் அவர் வீசியவை ஆறுக்குப் பதில் எட்டுப் பந்து ஓவர்கள், அதனால் மெய்டன் எண்ணிக்கை குறைவு. எதிரே ஆடியவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்து அணியில் பலர் அப்போது வயிற்றுக் கோளாறால் படுத்திருந்தார்கள் என்பதையும், பாரிங்டனும் போலஸும் விக்கெட்டை விட்டுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தடுப்பாட்டத்தின் நியாயம் புரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே ஆண்டு அக்டோபரில், அதே மைதானத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நட்கர்னி 11 விக்கெட் எடுத்தார். அதுதான் உண்மையில் அவருடைய மிகச் சிறந்த பந்துவீச்சு என்பேன். இந்தியா தோற்றதால் அது யாருக்கும் நினைவில்லை.

மைதானத்தின் கணக்கில் இந்தியாவுக்கு வெற்றி இரண்டு, தோல்வி நான்கு, டிரா மூன்று. வெற்றிகளில் இரண்டாவது 1962 ஜனவரியில் வந்தது. சலீம் துரானி 10 விக்கெட் எடுக்க, ஒரு கண்ணில் பார்வையை இழந்து ஓராண்டுகூட ஆகாத பட்டோடி தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்த அந்த ஆட்டத்தோடுதான் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா முதன்முறையாக ஒரு தொடரைக் கைப்பற்றியது. தோல்விகளில் விசித்திரமானது 1959இல் மேற்கிந்தியத் தீவுகளிடம் கண்ட தோல்வி. அணித் தேர்வில் ஏற்பட்ட பிணக்கால் ஆட்டத்துக்கு முந்தைய இரவு உம்ரிகர் தலைமைப் பொறுப்பை உதற, காலையில் மன்கட் தலைவராக இறங்க வேண்டியதாயிற்று. ஒரே தொடரில் நான்கு தலைவர்களைக் கண்ட அணி அது. ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு நடந்தும் ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்கிறீர்கள். கட்டடம் போனது ஒரு காரணம்: பழைய ஸ்டேடியத்தை இடித்து, 1993இல் கால்பந்துக்கும் தடகளத்துக்குமாகப் புதிதாகக் கட்டினார்கள், 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பத்திரிகைகளும் புத்தகங்களும் எப்போதும் மெட்ராஸ் டெஸ்ட் என்றே எழுதின. மைதானத்தின் பெயரைச் சொல்லும் பழக்கம் இல்லை. 1967 ஜனவரியில் டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பி, ஃபரூக் எஞ்சினியர் உணவு இடைவேளைக்கு முன்பே 94 ரன் அடித்த பிறகு, மெட்ராஸ் என்றாலே சேப்பாக்கம் என்றாகிவிட்டது. போதாக்குறைக்கு, பெரியமேட்டில் எழுதப்பட்ட சாதனைகளைச் சேப்பாக்கமே அழித்தது. இந்தியர் ஒருவரின் அதிகபட்ச ஸ்கோராக இருந்த மன்கட்டின் 231ஐ, 1983 டிசம்பரில் கவாஸ்கர் 236 எடுத்துத் தாண்டியது சேப்பாக்கத்தில். நட்கர்னி ஆடிய அதே டெஸ்டில் புதி குந்தரன் அடித்த 192, இந்திய விக்கெட் கீப்பர் ஒருவரின் அதிகபட்சமாக 49 ஆண்டுகள் இருந்தது. 2013இல் தோனி 224 எடுத்து அதைக் கடந்ததும் சேப்பாக்கத்தில்தான். ஊர் ஒன்றே என்பதால், பழைய சாதனையும் அங்கேதான் நிகழ்ந்திருக்கும் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வது இயல்பு. நீங்களும் அப்படித்தான் எண்ணியிருக்கிறீர்கள்.

கடைசி டெஸ்ட் 1965 பிப்ரவரி 27 அன்று நியூசிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. விஜய் மஞ்ச்ரேக்கர் தம் கடைசி டெஸ்டை ஆடி, ஆட்டமிழக்காமல் 102 எடுத்தார். பத்தொன்பது வயது வெங்கட்ராகவனுக்கு அதுவே முதல் டெஸ்ட். சேப்பாக்கத்தின் பிள்ளையாகவே நாம் நினைக்கும் வெங்கட், டெஸ்டில் முதல் ஓவரை வீசியது பெரியமேட்டில்.

உங்கள் தந்தையிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுத வேண்டும். நட்கர்னி ஆட்டத்தின் முதல் நாள், குந்தரன் ஆட்டமிழக்காமல் 170 எடுத்த நாள். அன்றும் அவர் போயிருந்தாரா, எந்தப் பக்கத்துக் காலரியில் உட்கார்ந்திருந்தார் என்பதை அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.